பெர்னீஸ் ஸைஸக்கை எட்டிப் பார்த்தவர்கள்

டொலீடோ நகரத்துத் தொலைபேசிப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தின் கடைசி வரி பெர்னீஸ் ஸைஸக்குடையது. அதற்குக் கீழே ஒரு பீட்சாக் கடை விளம்பரம்தான். இந்த ஒரு பாவத்துக்காக அந்த அம்மாள் ஐம்பத்தோரு வயதுவரை ஊரிலுள்ள வெட்டிப் பயல்களுக்கெல்லாம் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலையற்றவன் கையில் அந்தப் புத்தகம் கிடைத்தால் முதல் பெயரைக் கூப்பிடுவான், இல்லாவிட்டால் கடைசிப் பெயரைக் கூப்பிடுவான். முதல் பெயர் ஒரு பூட்டு ரிப்பேர்க் கடை. அங்கே இருந்தவர் பதிலுக்கு வண்டை வண்டையாகத் திட்டுவார். அதனால் எல்லாரும் பெர்னீஸிடமே வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் எண்பத்து நான்காம் வருடம் செப்டம்பரிலிருந்து வர ஆரம்பித்த போன்கள் வேறு தினுசு.

"பெர்னீஸ் டோரதி ஸைஸக்தானே?" என்று ஒரு பிஞ்சுக் குரல் கேட்கும்.

"ஆமா. யாரு?"

"வாஷிங் மெஷின் நல்லா சுத்துதா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரிப்பான். போன் வைக்கப்பட்டுவிடும். வாரத்துக்கு நாலு, அஞ்சு. குரல் மாறி மாறி வரும், கேள்வி மட்டும் அதே. "சுத்துது. உன் மண்டையக் கொண்டா, அதையும் போட்டுத் துவைக்கிறேன்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். வாஷிங் மெஷின் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆறு வருடத்துக்கு முன் தவணையில் வாங்கியது அது. கடைசித் தவணையை இரண்டு மாதம் முன்னதாகவே கட்டி முடித்திருந்தாள். அவள் வாழ்க்கையில் வாங்கிய ஒரே கடனும் அதுதான்.

அவளுக்கு வேலை கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில். விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் வரிசையாக நகர்ந்து வரும் பாட்டில்களில் குமிழி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துப் போடுவது. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்தாள். கழுத்திலிருந்து அடிவரை பார்க்காமல் ஒரு பாட்டிலையும் விட்டதில்லை. புருஷன் லெனார்டு அதே தொழிற்சாலையில் உலைப் பக்கம் இருந்தவர், நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் பதினொரு வருடமாக லாக்ரேஞ்ச் தெருவுக்குப் பின்னால், காஸிமிர் வோல்னி என்ற கிழவரின் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தது அவள். ஒழுகின கூரைக்குத் தார் பூசியது அவள். குளிர் வருவதற்கு முன்னால் ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும் அவள்தான். வோல்னி வாடகை வாங்குவதோடு சரி.

அந்த வோல்னி பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் வந்து நின்றார். மூட்டுவலி தாங்கவில்லை, ஃபிளாரிடாவில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாராம்.

"ஏம்மா பெர்னீஸ், உனக்கே குடுத்துடலாம்னு பாக்கறேன். பதினெட்டாயிரம் டாலர். உன்கிட்ட கையில கொஞ்சம் இருக்கும்ல?"

"நாலாயிரம் இருக்கு. மிச்சத்துக்கு பேங்க்ல கேக்கறேன்."

"கேளு. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பேங்க் கடுதாசி என் கையில இருக்கணும். சனிக்கிழமை காலைல நான் கிளம்பறேன். பக்கத்துல சவ அடக்கக்காரன் இருக்கானே, அவன் ரொக்கமா வெச்சுக்கிட்டு நிக்கறான்."

"அவனுக்கு எதுக்கு வீடு?"

"வீடு வேணாமாம். இடிச்சுட்டு கார் நிறுத்த இடம் போடப் போறானாம்."

கிழவர் இதைச் சொல்லும்போது கொஞ்சமாவது சங்கடப்பட்டிருக்கலாம். படவில்லை. மஞ்சள் சமையலறையில் உட்கார்ந்து அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

பெர்னீஸுக்கு பேங்க் பற்றிப் பயமே இல்லை. யாருக்கும் காலணா பாக்கி வைக்காதவள், ஒரே வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள், எதற்குப் பயப்பட வேண்டும்? மறுநாளே விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். கெடு வாரத்துத் திங்கட்கிழமை நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, பதில் கேட்கப் போனாள். கடன் பிரிவு மேனேஜர் பெயர் டுவைட் ஹாலன்பெக். இடது காதோரம் வளர்த்த முடியை வழுக்கைக்குக் குறுக்கே இழுத்து வலது காதுவரை கொண்டுபோய்ப் படிய வைத்திருந்த ஆள். மேஜையில் தன் படகின் படத்தை வைத்திருந்தார், பெண்டாட்டி படம் இல்லை.

"வருத்தமாத்தான் இருக்கும்மா. குடுக்க முடியாது."

"ஏன்? யாருக்காவது நான் பாக்கி வெச்சிருக்கேனா?"

"ஒரு காசு பாக்கி இல்ல."

"வேலை சரியில்லையா?"

"வேலையெல்லாம் பிரமாதம்."

"அப்புறம் என்ன கேடு?"

ஹாலன்பெக் ஒரு நீளமான காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். கலிபோர்னியாவில் ஒரு கடன் விவரக் கம்பெனி. நாட்டில் யார், எங்கே, என்ன கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கும். கடன் கொடுக்கிற கடைகளும் பேங்குகளும் போன் வழியாக அதைக் கூப்பிட்டு, தங்கள் ரகசிய எண்ணைச் சொல்லி, ஆளைப் பற்றிப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காகிதத்தில் பெர்னீஸின் ஜாதகமே இருந்தது. வாஷிங் மெஷினும் இருந்தது.

"கடைசிப் பக்கம் பாருங்க. ஒருத்தர் உங்க விவரத்தக் கேட்டாலே, அத அங்க ஒரு வரியா பதிச்சு வெச்சிடும். சாதாரணமா ஒரு ஆளுக்கு நாலு வரி, அஞ்சு வரி இருக்கும். உங்களுக்கு, எங்க பேங்க் வரியத் தவிர, ஆறு மாசத்துல நூத்தி முப்பத்தேழு. அப்படின்னா என்ன அர்த்தம்? நீங்க கண்ட இடத்துலயும் கடன் கேட்டு அலையறீங்க, ஒருத்தனும் குடுக்கல."

"நான் பாட்டில் கம்பெனிக்குப் போறேன், சர்ச்சுக்குப் போறேன், வீட்டுக்கு வரேன். வேற எங்கயும் அலையறதில்ல."

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான் சொல்றேனா?"

அதற்கு அவர் உதட்டை மட்டும் ஒரு மாதிரி மடித்தார். இருபத்திரண்டு வருட உழைப்பைவிட ஒரு காகிதத்தின் கடைசிப் பக்கம் அந்த மனுஷருக்குப் பெரிதாகிவிட்டது. பெர்னீஸ் அங்கேயே உட்கார்ந்து நூற்று முப்பத்தேழு வரியையும் படித்தாள். அத்தனை வரியிலும் ஒரே பெயர் இருந்தது, ஓபர்மில்லர் பர்னிச்சர் கடை. அந்தக் கடையில் அவள் ஒரு முக்காலிகூட வாங்கியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கடன் விவரக் கம்பெனிக்கே போன் போட்டாள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தாள்.

"உங்களப் பத்தி விசாரிச்சது உண்மைதானே மேடம்?"

"நான் யாரையும் விசாரிக்கச் சொல்லலையே!"

"அது வேற விஷயம். யாரோ விசாரிச்சிருக்காங்க. அது நடந்த விஷயம். தப்பா இருந்தா திருத்துவோம், நடந்தத எப்படி அழிக்கறது? ரெண்டு வருஷம் ஆச்சுன்னா தானாவே போயிடும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள போகுமா?"

"இந்த வெள்ளிக்கிழமையா மேடம்?"

பெர்னீஸ் போனை வைத்துவிட்டு நேராகப் பர்னிச்சர் கடைக்குப் போனாள். கடை முதலாளிக்கு அவள் சொல்வது புரிவதற்கு முன்பே மறுக்கத் தெரிந்துவிட்டது. அந்த வரிகள் அவள் கடன் கேட்டதால் வந்தவை அல்ல என்று கடிதம் எழுதிக் கொடுத்தால், கம்பெனிக்காரர்கள் கடையில் கடன் விவரம் பார்க்கும் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். "எங்க கடைல எந்தத் தப்பும் நடக்காதும்மா" என்று சொல்லிவிட்டு மெத்தை விற்கப் போய்விட்டார். கடன் கவுண்டரில் இருந்த டோரீன் என்ற பெண்தான் கொஞ்சம் மனுஷியாகப் பேசினாள்.

"அந்த ரகசிய எண்ண நான் யாருக்குமே சொன்னதில்லக்கா. எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

உண்மைதான். அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் மெஷினின் நெற்றியில் ஒரு சீட்டில் அதை எழுதி, டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒரு இதயப் படமும் வரைந்திருந்தாள். மூன்று வருடமாக அதே எண், அதே சீட்டு. கோடிப் பேருடைய வண்டவாளத்துக்குக் காவல் இந்தச் சீட்டுதான்.

"இந்தப் பக்கம் வேற யாராவது வந்து உக்காந்தாங்களா?"

"யாரும் வர மாட்டாங்க... ஆங், போன ஆகஸ்ட்ல ஒரு பையன். அவங்கம்மா சோபாத் துணி தேர்ந்தெடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆக்கினாங்க. பாவம், நின்னுக்கிட்டே இருந்தான். நான்தான் இங்க உக்கார வெச்சு காபி குடுத்தேன். இந்த மெஷினப் பத்தி எவ்ளோ ஆசையா கேட்டான் தெரியுமா? அவ்ளோ மரியாதை."

"இருக்காதா பின்னே! சோபா எங்க போய் எறக்கினீங்க?"

டெலிவரி நோட்டில் விலாசம் இருந்தது. ஆற்றுக்கு அந்தப்புறம், பணக்காரர்கள் இருக்கும் பெரிஸ்பர்க்கில், பல் டாக்டர் ஃபீசல் வீடு.

புதன்கிழமை வேலை முடிந்ததும் பெர்னீஸ் தன் பழைய செவர்லேயில் அங்கே போய் இறங்கினாள். கதவைத் திறந்தது டாக்டரின் மனைவி மார்லா. சோபா கூடத்தில்தான் கிடந்தது, பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க பையன் டாடைப் பாக்கணுமா? கீழ பேஸ்மென்ட்ல இருக்கான். காலேஜ்ல அவனுக்குச் சொல்லித்தர ஒருத்தருக்கும் தகுதி இல்லன்னு ஒரே டெர்ம்ல வந்துட்டான். கம்ப்யூட்டர் மேதைங்க. எத்தனை போட்டில ஜெயிச்சிருக்கான் தெரியுமா, வாரா வாரம் பரிசு வருது! நீங்க யாரு, போட்டி கம்பெனியா?"

"வாஷிங் மெஷின் விஷயமா வந்திருக்கேன்" என்றாள் பெர்னீஸ்.

கீழே இறங்கினால் மேதை உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வயது. வெள்ளைக் காலுறை, விரலெல்லாம் சீஸ் உருண்டைத் தூள். மேஜையில் கம்ப்யூட்டர், போனை வைத்து இணைக்கும் மோடம், தின்று போட்ட தட்டுகள். சுவர் ஓரமாகப் புதிதாக வந்த பெட்டிகள் நெஞ்சுயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"என்ன தம்பி, வாஷிங் மெஷின் நல்லா சுத்துதான்னு கேட்டியே. நேர்லயே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

டாட் ஃபீசல் முகம் வெளுத்துத்தான் போனது. ஆனால் இந்த ஜாதிக்கு ஒரு வியாதி உண்டு. தங்கள் சாமர்த்தியத்தைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டால் போதும், பயம்கூட மறந்துபோகும். "எப்படிப்பா பண்ணினே?" என்று பெர்னீஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், பயல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டான். அவனுடைய கம்ப்யூட்டருக்குப் போன் போட்டு நாற்பது பேர் வந்து செய்தி எழுதி வைப்பார்களாம். அங்கே அவன் டாட் இல்லை, அந்தகார மன்னன். மற்றவர்கள் பிரபு, மந்திரவாதி, மரண தூதன். இவர்களில் ஒருத்தனும் தான் தின்ற தட்டைத் தானே கழுவியவன் கிடையாது என்று என்னால் சத்தியம் பண்ண முடியும். கடன் விவரக் கம்பெனிக்குள் புகுந்து, முதல் பக்கத்தில் இருக்கும் கிரெடிட் கார்டு எண்களை எடுத்துக்கொண்டு, யார் தலையிலோ கட்டி ஆள் இல்லாத வீட்டு விலாசத்துக்குச் சாமான்களை வரவழைப்பதுதான் இந்த ராஜ்ஜியத்தின் தொழில்.

"அதுல நான் எங்கேருந்து வந்தேன்?"

"நீங்க நுழைவுத் தேர்வு."

"என்னது?"

"புதுசா யார் சேரணும்னாலும் திறமையக் காட்டணும்ல? போன் புக்ல கடைசிப் பேர் யாரோ அவங்க விவரத்த மூணு, நாலு தடவை எடுத்துட்டு வரணும். எடுத்தேன்னு நிரூபிக்க அவங்களுக்கே போன் பண்ணணும். நான்தான் அந்த விதியப் போட்டேன்." பெருமையில் அவன் குரல் நெகிழ்ந்தே போனது. "உங்க மேல எங்களுக்குக் கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. உங்க பேரு எங்க கூட்டத்துல ரொம்பப் பிரபலம்."

பெர்னீஸுக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கத்தான் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, பேங்கில் சொன்னதையும் வெள்ளிக்கிழமைக் கெடுவையும் சொன்னாள். அவன் முழித்தான். பார்த்தால் பதிவாகும் என்பதே அவனுக்குத் தெரியாது! ஆறு மாதமாக நாற்பது மகாமேதைகளில் ஒருவன்கூடக் கடைசிப் பக்கம்வரை போனதில்லை. முதல் பக்கத்தில் கார்டு எண் கிடைத்ததும், போலீஸ் மோப்பம் பிடித்துவிடும் என்ற பயத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு போனை வைத்திருக்கிறார்கள்.

"இதென்ன பெரிய விஷயம், ஒரு நிமிஷத்துல அழிச்சுக் காட்டறேன்" என்றான் டாட். "எனக்கு அங்க செய்ய முடியாதது எதுவுமே இல்ல."

"சரி, அழி."

மோடம் கீச்சிட்டது. திரையில் எழுத்துகள் ஓடின. பெர்னீஸ் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஒரு நிமிடம் அவள் அந்தப் பொறுக்கியை நம்பத்தான் செய்தாள். அவளுக்கு வேறு வழியும் இல்லை. அவன் ஏதேதோ தட்டினான். 'இந்தக் கட்டளை செல்லாது' என்று வந்தது. வேறு மாதிரித் தட்டினான். மறுபடி அதே பதில். பத்து நிமிடம் தட்டிவிட்டுக் கையை எடுத்தான்.

"இது... பாக்க மட்டும்தான் விடுது."

"கடைசிப் பக்கத்தைக் காட்டு."

காட்டினான். பேங்கின் வரியை விட்டுவிட்டு, அவள் விரல் வைத்து எண்ணினாள். நூற்று முப்பத்தெட்டு.

"அடப்பாவி! அழிக்கறேன்னு சொல்லி இன்னொண்ண ஏத்திவிட்டியேடா!" என்று கத்தினாள் பெர்னீஸ். "இவ்வளவுதானா உங்க ராஜ்ஜியம்? பாக்க மட்டும்தான் தெரியுமா? அடுத்தவங்க ஜன்னல்ல எட்டிப் பாக்கறவனுக்குப் பேரு மன்னனா? எங்க தெருல அதுக்கு வேற பேரு வெச்சிருக்கோம்."

அந்தகார மன்னன் மூக்கை உறிஞ்சினான். பெர்னீஸ் திரும்பிச் சுவர் ஓரப் பெட்டிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகச் சீட்டைப் படித்தாள். ஒன்றில் ஹெலன் மார்ஷ். ஒன்றில் ராய் டிங்கல். ஃபீசல் என்று ஒரு பெட்டியிலும் இல்லை.

"ஓ, இதுதான் உங்கம்மா சொன்ன பரிசா? சரி தம்பி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு பேங்க் வாசல்ல நிக்கற. அந்த ஆள்கிட்ட இது எல்லாம் எங்க கூத்துன்னு உன் வாயால சொல்ற. ஒண்ணு அஞ்சுக்கு நீ இல்லன்னா, இந்தப் பெட்டிங்க மேல இருக்கற பேரையெல்லாம் நான் போலீஸ்ல போய்ப் படிப்பேன்."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கே வந்து நின்றான். அம்மா கட்டிவிட்ட டை வேறு.

ஹாலன்பெக் முதலில் நம்பவில்லை. "யார் தம்பி நீ? இந்தம்மாவுக்குச் சொந்தமா? எவ்வளவு குடுத்தாங்க?" என்றார். டாட் சொல்லிப் பார்த்தான், திக்கினான், உளறினான். கடைசியில் பெர்னீஸ்தான் சொன்னாள்.

"செஞ்சு காட்டச் சொல்லுங்க சார். உங்க மெஷின்தான் பொய் சொல்லாதே."

பேங்கின் மெஷின் முன்னால் டாட் உட்கார்ந்தான். தினம் காலையில் அது தானாகவே பேங்கின் ரகசிய எண்ணைச் சொல்லிக் கம்பெனியோடு சேர்ந்துகொள்ளும். அதைத் துண்டித்துவிட்டு, பர்னிச்சர் கடையின் எண்ணைப் போட்டு உள்ளே போனான். அரை நிமிடம்கூட ஆகவில்லை, டுவைட் ஹாலன்பெக்கின் விவரம் திரையில் வந்து நின்றது. படகுக் கடன், பெண்டாட்டியின் துணிக்கடைக் கார்டு, எல்லாம்.

"அட!" என்றார் ஹாலன்பெக்.

அந்த 'அட'வோடு பெர்னீஸ் விஷயம் முடிந்திருக்க வேண்டும். நிரூபணம் ஆகிவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஹாலன்பெக் நாற்காலியை இழுத்துப் பயல் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"யார வேணும்னாலும் பாக்கலாமா?"

"யார வேணும்னாலும் சார்."

"எங்க மச்சான் ஒருத்தன் இருக்கான். புதுசா காடிலாக் வாங்கிட்டு பீத்திக்கறான்..."

மச்சானைப் பார்த்தார்கள். காடிலாக் முழுக்கக் கடன். ஹாலன்பெக் தொடையைத் தட்டிச் சிரித்தார். சத்தம் கேட்டுக் காசாளர் ஒருத்தி வந்தாள், தன் மாஜி புருஷன் பெயரைக் கொடுத்தாள். இன்னொருத்தி எதிர்வீட்டுக்காரியைக் கேட்டாள். வீட்டுக்கடன் பிரிவில் இருந்த பெரிய மனுஷர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து, தன் பாதிரியாரின் பெயரையே கொடுத்தார். டாடுக்குக் காபி வந்தது, டோனட் வந்தது. பயல் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். நடுவில் ஒரு முறை லைன் அறுந்தது, மறுபடி பிடித்துத் தொடர்ந்தார்கள். இவர்கள் எல்லாரும் படித்தவர்கள், டை கட்டியவர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். கதவு திறந்து கிடக்கிறது என்று தெரிந்ததும் முண்டியடித்துக்கொண்டு நின்ற லட்சணத்தைப் பார்க்க வேண்டும்! அந்த நாற்பது பயல்கள் எவ்வளவோ தேவலை.

பெர்னீஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றே முக்கால் ஆனது. இரண்டு அடித்தது. பேங்க் மூன்று மணிக்கு மூடிவிடும். வோல்னி வீட்டில் சவ அடக்கக்காரன் ரொக்கத்தோடு வந்து உட்கார்ந்திருப்பான்.

"சார், என் கடுதாசி."

"ஒரு நிமிஷம்மா" என்றார் ஹாலன்பெக் திரும்பாமலே. "தம்பி, நம்ம பேங்க் தலைவர் பேர் போடேன். வெய்ன்ரைட். ஏரிக்கரைல வீடு கட்டறாரே, எங்கேருந்து பணம்னு பாக்கலாம்." எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தலைவரின் முதல் பக்கம் வந்ததும் சிரிப்பு அடங்கி, வாயைப் பிளந்துகொண்டு படித்தார்கள்.

இரண்டரைக்கு ஹாலன்பெக் ஒரு வழியாக எழுந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "இந்தப் பையன பேங்க் விடக் கூடாது. பாதுகாப்புக்கு இந்த மாதிரி மூளைதான் வேணும்" என்றார். அப்புறம்தான் பெர்னீஸ் அங்கே இருப்பது ஞாபகம் வந்தது.

"நீங்க சொன்னது நிஜம்தாம்மா. ஒத்துக்கறேன். ஆனா எங்க மேலிடத்துல காகிதத்ததான் பாப்பாங்க. இன்னிக்கு எடுத்த காகிதத்துல நூத்தி முப்பத்தெட்டு இருக்கே, நான் என்ன பண்ண? ரெண்டு வருஷம் பொறுத்து வாங்க."

பெர்னீஸ் எழுந்து மெஷினிடம் போனாள்.

"தம்பி, தலைவரோட கடைசிப் பக்கத்தைக் காட்டு."

"அதுல ஒண்ணும் இருக்காதும்மா" என்றார் ஹாலன்பெக். "பர்னிச்சர் கடை பேர்தான் இருக்கும்."

டாட் பக்கத்தைத் தள்ளினான். தள்ளினவன் கையிலிருந்த டோனட்டை மெதுவாகக் கீழே வைத்தான். கடைசி வரியில் இன்றைய தேதி இருந்தது. கடை பெயர் இல்லை. பேங்கின் பெயரும், கடன் பிரிவின் எண்ணும் இருந்தன. லைன் அறுந்து மறுபடி சேர்ந்தபோது, மெஷின் தினப்படி வழக்கம்போலத் தன் சொந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. எதிர்வீட்டுக்காரி, பாதிரியார், தலைவர், மூவரும் அந்தக் கணக்கில்தான். அத்தனை பேர் சுற்றி நின்று பார்த்தும் ஒருவரும் கவனிக்கவில்லை, முதல் பக்கத்தில்தான் அவ்வளவு ருசி இருந்ததே.

காசாளர்கள் இருவருக்கும் திடீரென்று கவுண்டரில் வேலை வந்துவிட்டது. பெரிய மனுஷரையும் காணோம். ஹாலன்பெக்கின் வழுக்கை மேல் இழுத்து விட்டிருந்த முடி நகர்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது.

"இத அழி" என்றார் டாடிடம்.

"அழிக்க முடியாது சார். பாக்க மட்டும்தான் முடியும்."

பெர்னீஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரி சார், நான் கிளம்பறேன். மாடிலதானே தலைவர் ரூம்? போற வழியில அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன், ஏரிக்கரை வீட்டுக்குக் கடன் கேட்டு இந்தப் பேங்குக்கு மனு போட்டிருக்கீங்களான்னு. போடலன்னா, கீழ எதுக்கு உங்க விவரத்தத் தொறந்து பாத்தாங்கன்னு அவரே வந்து கேக்கட்டும். இந்தப் பையன் சாட்சி சொல்லுவான். சொல்லுவியாடா?"

"சொல்லுவேன்மா" என்றான் அந்தகார மன்னன் அவசரமாக.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. என்ன அவசரம்?" என்று ஹாலன்பெக்கே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு. மேனேஜர் பொறுப்புல விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்கு."

"திங்கக்கிழமை அது இல்லையா?"

அவர் காதில் விழாத மாதிரி இழுப்பறையைத் திறந்தார். ஒரு படிவம் எடுத்து, மளமளவென்று நிரப்பி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். மணி இரண்டே முக்கால். பெர்னீஸ் வழக்கம்போல மேலிருந்து அடிவரை படித்தாள். பெயர், வீட்டு விலாசம், தொகை எல்லாம் சரியாக இருந்தன. அடியில், விதிவிலக்குக்குக் காரணம் என்ற கட்டத்தில் ஹாலன்பெக் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'விண்ணப்பதாரர் நேர்மையும் நன்னடத்தையும் உள்ளவர் என நேரில் அறிந்தேன்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து ஹாலன்பெக்கும் பல்லைக் காட்டினார்.

"புதன்கிழமை இந்தப் பையன மிரட்டினேன். இன்னிக்கு உங்கள மிரட்டினேன்" என்றாள் பெர்னீஸ். "திங்கக்கிழமை இது ரெண்டும் செய்யாதவளா இதே நாற்காலிலதான் உக்காந்திருந்தேன். அப்ப இத எழுத உங்களுக்குப் பேனா கிடைக்கலையா சார்?"

ஹாலன்பெக் அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.